சர்வர் மாறும் இரவு

லண்டன் செவன் கிங்ஸில், தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளும் ஊர்ச் சங்கத்தினரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்



செவன் கிங்ஸ் ஸ்டேஷனில் எலிசபெத் லைன் ஏறி ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்குங்கள். அங்கே டிஎல்ஆர் ரயில் பிடித்து, கானிங் டவுனில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் ஈஸ்ட் இந்தியா. வெளியே வந்து தெருப் பெயர்களைப் படித்தாலே பசி எடுக்கும். கொரியாண்டர் அவென்யூ, க்ளோவ் கிரெசென்ட், நட்மெக் லேன், சாஃப்ரன் அவென்யூ. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்காக 1806இல் திறந்த துறைமுகம் இருந்த இடம் அது. கொத்தமல்லியும் கிராம்பும் இன்று பெயர்ப் பலகையில் மட்டும்தான். கொரியாண்டர் அவென்யூவில் இப்போது நிற்பது டெலிஹவுஸ் என்ற தரவு மையம். 1990இல் அதன் முதல் கட்டடம் வந்தது. 1994இல் லிங்க்ஸ் என்னும் லண்டன் இணையப் பரிமாற்றகம் தொடங்கியதும் அங்கேதான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கிளவுட், மேகம் என்றெல்லாம் சொல்லிச் சொல்லி, நம்முடைய இணையத்தளங்கள் ஆகாயத்தில் எங்கோ மிதப்பதாக நாம் நம்பிவிட்டோம். அவை கட்டடங்களில் இருக்கின்றன. கதவும் பூட்டும் மின்சார பில்லும் உள்ள கட்டடங்கள். அந்தக் கட்டடத்தில் ஒரு பெட்டியில் ஒரு மூலையை நாம் மாதம் சில பவுணுக்கு எடுத்திருக்கிறோம். சர்வர் என்பது வாடகை வீடு. சொந்தக்காரர் ஒருநாள் "வேறு வீட்டுக்கு உங்களை மாற்றுகிறோம், சாமான்களை நாங்களே ஏற்றி இறக்கிவிடுவோம், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று மின்னஞ்சல் அனுப்புவார். அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பியவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

எனக்குச் சொல்ல இருப்பது ஒரு விஷயம். சர்வர் மாறும் இரவில் தளம் படுத்துவிட்டால் அதை நாம் இயந்திரக் கோளாறு என்கிறோம். நான் பார்த்த அளவில் இயந்திரம் கெடுவது அபூர்வம். இத்தனை வருடம் யாரும் எழுதி வைக்காமல், யாருக்கும் தெரியாமல், பழைய பெட்டியின் தயவில் ஓடிக்கொண்டிருந்த சங்கதிகள் அன்று ஒரே இரவில் அம்பலமாகின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஹோஸ்டிங் கம்பெனியிடம் மட்டும் அல்ல, நம் நிர்வாகக் குழுவிடமும் இருக்கிறது.

முதலில் கம்பெனிக்காரர்களுக்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். அவர்கள் விளையாட்டுக்கு மாற்றுவதில்லை. ஆயிரக்கணக்கான ஹோஸ்டிங் சர்வர்கள் சென்ட்ஓஎஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடின. அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆயுள் என்று சொல்லியிருந்த ரெட் ஹாட் நிறுவனம், 2020 டிசம்பரில் அதை 2021 இறுதி என்று வெட்டியது. ஏழாம் பதிப்பின் ஆயுள் 2024 ஜூன் 30இல் முடிந்தது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. மாற்றித்தான் ஆக வேண்டும். 2019இல் சிபேனல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள், சர்வருக்கு இவ்வளவு என்று வாங்கிய கட்டணத்தைக் கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றியது. ஒரு பெட்டியில் நூற்றுக்கணக்கான சின்னத் தளங்களை அடுக்கிப் பிழைத்த கம்பெனிகளுக்குக் கை சுட்டது. பலர் வேறு மென்பொருளுக்கு ஓடினார்கள். இன்னொரு காரணம் கைமாறுதல். இந்த நாட்டில் பலருக்குத் தெரிந்த ஹோஸ்டிங் கம்பெனியான 123-ரெக், ஹோஸ்ட் யூரோப் குழுமத்தின் கையில் இருந்தது. 2017இல் அந்தக் குழுமத்தையே கோடாடி வாங்கியது. வாங்கியவர் பத்துவிதமான சர்வர்களை வைத்துக்கொண்டு மாரடிக்க மாட்டார். எல்லோரையும் ஒரே மாதிரிப் பெட்டிக்குத் தள்ளுவார்.

மாற்றாமலே இருந்தால் நல்லதா? இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைப் பாருங்கள். பழைய எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்பிலேயே அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2023 ஆகஸ்டில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் ஒன்று வந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள், ஏறக்குறைய 5,000 முகவரிகளில், போயே போய்விட்டன. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இல்லை. அமைச்சரவை அலுவலகமும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆகவே மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

சரி, மாறும்போது எது உடைகிறது?

உலகின் பாதித் தளங்களைப் பல வருடம் தாங்கிய வெப் சர்வர் மென்பொருள் அப்பாச்சி. 1995இல் பிறந்தது. அதற்குப் போட்டியாக 2004இல் ரஷ்யாவின் ஈகோர் சிசோயெவ் வெளியிட்டது எஞ்சின்எக்ஸ். ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் வந்தாலும் நினைவகத்தை விழுங்காமல் நிற்கும். அதனால் ஹோஸ்டிங்காரர்களுக்கு அதன்மேல் ஆசை. ஆனால் அப்பாச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அடைவிலும் டாட் எச்டிஅக்சஸ் என்ற சின்னக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதில் எழுதியபடி நடக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் அது சாதாரணமாகக் கண்ணில் படாது. எஞ்சின்எக்ஸ் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. லைட்ஸ்பீட் என்ற மற்றொரு சர்வர் பார்க்கும். அதனால் உங்கள் கம்பெனி எதற்கு மாறுகிறது என்பதைப் பொறுத்து உங்கள் தலையெழுத்து மாறும்.

ஒரு தமிழ்ப் பள்ளியின் தளத்தில் இது எப்படித் தெரியும்? முகப்புப் பக்கம் ஜோராக வரும். வள்ளுவர் படம் இருக்கும், ஆண்டு விழா அறிவிப்பு இருக்கும். "சேர்க்கை" என்பதை அழுத்தினால் 404. "ஆசிரியர்கள்" அழுத்தினால் 404. உள்ளே பக்கங்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அந்த முகவரியை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொன்ன கோப்பைப் புதிய சர்வர் படிக்கவில்லை, அவ்வளவுதான். தலைவர் முகப்பைத் திறந்து பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். செப்டம்பரில் சேர்க்கை குறைந்த பிறகுதான் விசாரணை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இதற்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் எதுவுமே உடைந்தது போலத் தெரியாது. பெற்றோரின் தொலைபேசி எண்கள் உள்ள பட்டியலை ஒரு அடைவில் போட்டு, டாட் எச்டிஅக்சஸ் மூலம் கடவுச்சொல் வைத்துப் பூட்டியிருப்பார்கள். புதிய சர்வர் அந்தக் கோப்பைப் படிக்காதபோது பூட்டும் இல்லை. பட்டியல் ஊருக்கே திறந்து கிடக்கும். சர்வர் மாறிய மறுநாள் நான் முதலில் சோதிப்பது எது திறக்கவில்லை என்பதை அல்ல. எது திறக்கக்கூடாதோ அது திறக்கிறதா என்பதை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் சர்வரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பொருட்டில்லை. லினக்ஸில் அவை இரண்டும் இரண்டு கோப்புகள், ஆகவே பாதிப் படங்கள் காணாமல் போகும். பிஎச்பி என்ற மொழியின் 5.6 பதிப்புக்கு ஆதரவு 2018 டிசம்பர் 31இல் முடிந்தது. தரவுத்தளத்தோடு பேசப் பழைய தளங்கள் பயன்படுத்திய கட்டளைகள் 2015இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டன. பழைய தளத்தைப் புதிய பெட்டியில் ஏற்றினால் வெள்ளைப் பக்கம் மட்டும் வரும். தளம் போய்ச் சேர்ந்தாலும் மின்னஞ்சல் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். தளத்தின் பெயர் எந்த சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளின் ஆயுள் ஒரு நாள் என்று வைத்திருந்தால், மாற்றிய பிறகும் ஒரு நாள் வரை சிலர் பழைய சர்வருக்கும் சிலர் புதிய சர்வருக்கும் போவார்கள். கலைவிழா டிக்கெட் பதிவு நடக்கும் வாரத்தில் இப்படி ஆனால் பாதிப் பேரின் பதிவு அணைக்கப்போகும் பெட்டியில் விழும். மாற்றத்துக்கு முதல் நாளே அந்த ஆயுளை 300 வினாடிக்குக் குறைத்துவிட்டால் தீர்ந்தது. செலவில்லாத வேலை. ஆனால் ஒருவர் நினைவு வைத்துச் செய்ய வேண்டும்.

இனி எழுத்துக்கு வருகிறேன். ஆங்கிலத் தளக்காரர்கள் பெரும்பாலும் பட்டறியாத துன்பம் இது. நமக்கு இது தனிச் சொத்து.

"தமிழ்" என்று ஒரு சொல். யூனிகோடில் இது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக மொத்தம் பதினைந்து பைட். வேர்ட்பிரஸ் முதலான தளங்கள் இதை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வைக்கின்றன. 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான எழுத்து முறை லத்தீன்-1. அகர வரிசைக்கு அது இயல்பாக எடுத்துக்கொண்டது ஸ்வீடிஷ் மொழி வரிசை, ஏனென்றால் அதை உருவாக்கிய கம்பெனி ஸ்வீடனைச் சேர்ந்தது. ஆக நம் பிள்ளைகளின் ஆத்திசூடி ஒப்புவித்தல் போட்டி முடிவுகள் பல வருடம் ஸ்வீடிஷ்காரர் எழுத்து என்ற முத்திரையோடு உட்கார்ந்திருந்தன. யாருக்கும் தெரியவில்லை. உள்ளே போடும்போதும் தவறான முத்திரை, வெளியே எடுக்கும்போதும் அதே தவறான முத்திரை. பைட்டுகள் அப்படியே திரும்பி வந்ததால் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது.

சர்வர் மாறுகிறது. புதிய பெட்டி ஒழுக்கமானது. "இது லத்தீன் என்று எழுதியிருக்கிறதே, யூடிஎஃப்-8க்கு மாற்றித் தருகிறேன்" என்று ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக எண்ணி மாற்றுகிறது. ஐந்து குறிகள் பதினைந்து எழுத்துகளாகின்றன. தமிழ்க் குறி எல்லாமே ஒரே பைட்டில் தொடங்குவதால், தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்து வரிசையாக வரும். அதை அடுத்துப் பெரும்பாலும் வட்டத்துக்குள் ஆர் என்ற வணிகச் சின்னம். இகரக் குறி இருந்த இடத்தில் தலைகீழ்க் கேள்விக்குறி. இப்படி ஒரு பக்கம் நிறைய வந்தால் பயப்படாதீர்கள். அது நோய்தான், ஆனால் குணமாகும். பைட்டுகள் சேதமாகாமல் இருக்கின்றன. முத்திரையைத் திருத்தினால் எழுத்து திரும்பிவிடும்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. "தமிழ்" இருந்த இடத்தில் ஐந்து சாதாரணக் கேள்விக்குறி வந்தால், தரவுத்தளத்துக்குள்ளும் கேள்விக்குறியே இருந்தால், அங்கே தமிழ் இல்லை. லத்தீன் முறையில் தமிழுக்கு இடம் இல்லாததால், மாற்றிய மென்பொருள் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. எந்த மந்திரவாதியாலும் அதைத் திருப்ப முடியாது. பழைய பிரதி வேண்டும். இந்த இரண்டு நிலையையும் பிரித்தறியாமல், பதற்றத்தில் யாரோ ஒருவர் உள்ளே போய்ப் பதிவுகளைத் திருத்திச் சேமித்துவிட்டால், குணமாகக்கூடிய நோயும் தீராததாகிவிடும். எழுத்து கெட்டிருந்தால் யாரும் எதையும் சேமிக்காதீர்கள். நிபுணர் வரும்வரை கை வைக்காமல் இருப்பதுதான் முதலுதவி.

யூனிகோடுக்கு முந்திய தளங்களின் கதை இன்னும் சுவையானது. பாமினி எழுத்துருவில் செய்த பக்கங்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதில் "தமிழ்" என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. வெறும் ஆங்கில எழுத்துகள். எந்த சர்வருக்கு மாற்றினாலும் அவை சேதமாகா. எழுத்துருக் கோப்பு கூட வராவிட்டால்தான் ஜேகேபிஓ என்று நிற்கும். டிஸ்கி என்ற இன்னொரு பழைய எழுத்து முறையில் செய்த பக்கங்கள் அப்படி அல்ல. அவை தங்கள் எழுத்து முறையை "பயனர் வரையறுத்தது" என்று அறிவித்துக்கொண்டு நின்றன. ஆனால் பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட சர்வர் பக்கத்தைப் பற்றிச் சொல்வதையே உலாவி முதலில் நம்பும். புதிய சர்வரின் அமைப்பில் எல்லாப் பக்கமும் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி இருந்தால் போதும். டிஸ்கிப் பக்கங்கள் கறுப்புச் சாய்சதுரங்களாகிவிடும். கோப்பில் ஒரு பைட்டும் மாறியிருக்காது.

இதை யோசித்துச் செய்தவர்களும் உண்டு. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் சேர்க்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து தந்தார்கள். டிஸ்கியில் இருந்தவற்றைப் பின்னால் யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் நோகாமல் படிக்க முடிவது, அவர்கள் எழுத்து முறையையும் கோப்பையும் தனித்தனியாக யோசித்ததால்தான். அதே காலத்தில் ஜியோசிட்டீஸ் என்ற இணையச் சேவையில் வீட்டுப் பக்கம் வைத்திருந்த தமிழர்கள் எத்தனையோ பேர். 2009 அக்டோபர் 26இல் யாஹூ அதை மூடியது. முன்கூட்டியே அறிவித்துத்தான் மூடினார்கள். அறிவிப்பு போன மின்னஞ்சல் முகவரிகளை யாரும் திறந்து பார்ப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆவணப்படுத்தும் தன்னார்வலர்கள் ஓடி ஓடி எடுத்தது ஒரு பங்கு.

இந்த இடத்தில் யாழ் நூலகத்தை இழுத்துவந்து பேசுபவர்கள் உண்டு. நான் இழுக்க மாட்டேன். அது எரித்தது. இது பராமரிக்காதது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் நம் சோம்பலுக்கு ஒரு கௌரவம் கிடைத்துவிடும்.

சின்னச் சங்கங்கள்தான் இப்படி, பெரியவர்கள் ஒழுங்காகச் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். டிஎஸ்பி வங்கியின் கதை இந்த மண்டபத்தில் சிலருக்குச் சொந்த அனுபவமாகவே இருக்கலாம். லாய்ட்ஸிடமிருந்து பிரிந்த டிஎஸ்பியை 2015இல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி வாங்கியது. பிரிந்த பிறகும் டிஎஸ்பி, லாய்ட்ஸின் கணினி அமைப்புகளையே வாடகைக்கு வைத்திருந்தது. அதிலிருந்து சபாடெலின் அமைப்புக்கு 52 லட்சம் வாடிக்கையாளர்களை மாற்ற வேண்டும். முதலில் குறித்த நாள் 2017 நவம்பர். தயாராகவில்லை, தள்ளிப்போனது. 2018 ஏப்ரல் 20 வெள்ளிக்கிழமை தொடங்கி, 22 ஞாயிறு மாலை புதிய அமைப்பைத் திறந்தார்கள். படிப்படியாக அல்ல, ஏறக்குறைய எல்லாமே ஒரே வார இறுதியில்.

தரவு போய்ச் சேர்ந்தது. அதுதான் வேடிக்கை. கணக்குகள் எல்லாம் புதிய இடத்துக்கு வந்துவிட்டன; ஆனால் அவற்றைத் திறந்து காட்ட வேண்டிய அமைப்பு மூச்சுத் திணறியது. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. 19 லட்சம் பேர் இணைய வங்கிக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். சம்பள வாரம். கடைக்காரர்கள் வேலையாட்களுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. கிளைகளிலும் தொலைபேசியிலும் அதே கதை. வங்கி பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பியது அந்த வருட டிசம்பரில். செப்டம்பரில் தலைமை நிர்வாகி பால் பெஸ்டர் விலகினார். 80,000 வாடிக்கையாளர்கள் வேறு வங்கிக்குப் போனார்கள். செலவு 33 கோடி பவுண். 2022 டிசம்பரில் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண். 2023 ஏப்ரலில், அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்.

2019 நவம்பரில் ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் இதைப் பற்றி நீண்ட அறிக்கை கொடுத்தது. அதில் எனக்கு மறக்காத ஒரு விவரம்: இரண்டு தரவு மையங்கள் சேர்ந்து சுமையைத் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் சுமைச் சோதனையை ஒன்றில்தான் நடத்தினார்கள். மற்றதும் அதே போலத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். அது அதே போல இல்லை. 52 லட்சம் பேரின் வங்கிக்கே "அதே போலத்தான் இருக்கும்" என்று நினைக்க மனம் வந்தது என்றால், ஹோஸ்டிங் கம்பெனி நம் பள்ளித் தளத்தைப் பற்றி அப்படி நினைக்காதா? இன்னொரு செய்தி: 2025 ஜூலையில் டிஎஸ்பியை வாங்க சான்டாண்டர் ஒப்பந்தம் செய்தது. அந்த வாடிக்கையாளர்களுக்கு இன்னொரு மாற்றம் காத்திருக்கக்கூடும்.

123-ரெக் பெயரை முதலில் சொன்னேன். 2016 ஏப்ரல் 16, ஒரு சனிக்கிழமை. அங்கே துப்புரவு வேலைக்காக ஒரு சின்ன நிரல் ஓடியது. அதில் இருந்த பிழையால், வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த மெய்நிகர் சர்வர்களும் அழிந்தன. நிறுவனத்தின் கணக்குப்படி 1,15,000 சர்வர்களில் 67தான். சதவீதமாகச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். அந்த 67இல் கடை வைத்திருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தனியே பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டார்கள்.

அரசுகளுக்கும் இதே கதி. 2025 செப்டம்பர் 26, தென்கொரியாவின் டேஜோன். அரசின் தரவு மையத்தில் பழைய லித்தியம் பேட்டரிகளை சர்வர் அறையிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றும் வேலை நடந்தது. பாதுகாப்புக்காகத்தான் மாற்றினார்கள். அந்த வேலையின்போது தீப்பிடித்தது. 709 அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவ் 858 டெராபைட். மிகப் பெரிதாக இருக்கிறது என்று அதற்கு வேறிடத்தில் பிரதி எடுக்கவில்லை. எல்லாம் போயிற்று.

மைஸ்பேஸ் என்ற சமூகத் தளத்தின் கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நெருக்கமானது. லண்டன் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் தன் ஆரம்பப் பாடல்களை உலகுக்குக் கொண்டுபோன வழிகளில் ஒன்று மைஸ்பேஸ், 2004 அளவில். அவரைப் போல லட்சக்கணக்கான இளைஞர்கள் அங்கே பாட்டுப் போட்டார்கள். சர்வர் மாற்றத்தின்போது 2003 முதல் 2015 வரை ஏற்றியவை தொலைந்துவிட்டதாக 2019இல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1 கோடியே 40 லட்சம் கலைஞர்களின் 5 கோடிப் பாடல்கள். ஆய்வுக்காக யாரோ தரவிறக்கி வைத்திருந்த 4 லட்சத்து 90 ஆயிரம் பாடல்கள் மட்டும் பின்னர் இணைய ஆவணகத்தில் வந்தன. எம்.ஐ.ஏ.க்கு இசைத்தட்டு நிறுவனம் இருந்தது, பாடல்கள் இருக்கின்றன. படுக்கையறையில் மைக் வைத்துப் பாடிய மற்றவர்களுக்கு மைஸ்பேஸ்தான் ஒரே பெட்டி.

இத்தனை இழவுச் செய்திக்கு நடுவே ஒழுங்காகச் செய்பவர்களையும் சொல்ல வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா விக்கிப்பீடியாக்களுக்கும் வர்ஜீனியாவின் ஆஷ்பர்னிலும் டெக்சாஸின் கரோல்டனிலும் முதன்மைத் தரவு மையங்கள் உள்ளன. 2016 ஏப்ரலில் முதல் முறையாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எல்லாவற்றையும் வேண்டுமென்றே மாற்றினார்கள். முக்கால் மணி நேரம் அளவில் யாரும் கட்டுரைகளைத் திருத்த முடியவில்லை; படிக்க முடிந்தது. பிறகு திரும்பத் திரும்பச் செய்தார்கள். இப்போது வருடத்துக்கு இரண்டு முறை, அட்டவணை போட்டு, முன்கூட்டியே அறிவித்து மாற்றுகிறார்கள். திருத்த முடியாத நேரம் இரண்டு மூன்று நிமிடமாகச் சுருங்கிவிட்டது. தமிழ் விக்கியில் எழுதுகிறவர்கள் அந்த அறிவிப்புப் பட்டையைப் பார்த்திருப்பார்கள். எதுவும் கெடாத நாளில், எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில், திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றுகிறார்கள். இணையத் தொழிலில் நான் மதிக்கும் வேலைகளில் இது ஒன்று.

நம்மிடம் அந்த வசதி இல்லை, சரி. நம்மிடம் இருப்பது என்ன? எனக்கு வரும் தொலைபேசி அழைப்பு ஏறக்குறைய எப்போதும் இப்படித்தான் போகும்.

"தம்பி, எங்கட சைட்டைக் காணேல்லை."

"பதறாதேங்கோ அண்ணை. டொமைன் ஆற்ற பேரில இருக்கு?"

"அது ஒரு பெடியன் செய்து தந்தவன். இப்ப ரொறன்ரோவில."

"அவரிட்டக் கேட்டு பாஸ்வேர்டை மாத்தலாமே?"

"மாத்தினால் அவன்ர பழைய வேலையிடத்து ஈமெயிலுக்குத்தான் போகுமாம். அந்தக் கொம்பனியே இப்ப இல்லை."

இங்கே சர்வர் மாற்றம் என்பது பாவம், ஒரு சாக்கு. தளம் எப்போதோ அனாதையாகிவிட்டது, அன்றைக்குத்தான் தெரிகிறது. இலவசமாக உழைத்துத் தந்த அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வரவுசெலவுக்கு மூன்று பேர் கையெழுத்து வாங்கும் சங்கம், டொமைன் பெயரை மட்டும் ஒருவர் பையில் போட்டுவிட்டது. பொறுப்பு சங்கத்துடையது. புதிய நிர்வாகக் குழு வரும்போது காசோலைப் புத்தகம் கைமாறுகிறது, சாவிக்கொத்து கைமாறுகிறது. கடவுச்சொல் கைமாறுவதை நான் எந்த ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கையிலும் பார்த்ததில்லை.

பள்ளி நடத்துபவர்களுக்கு ஒரு சட்ட விஷயம். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை விவரம் எல்லாம் உங்கள் தளத்தில் இருந்தால், திருட்டுப் போனால் மட்டும் அல்ல, தொலைந்து போனாலும் அழிந்து போனாலும் இந்த நாட்டுச் சட்டப்படி அது தரவு மீறல். பாதிப்பு ஏற்படக்கூடும் என்றால் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். ஹோஸ்டிங் கம்பெனியின் தவறு என்று சொல்லித் தப்ப முடியாது. தரவுக்குப் பொறுப்பாளர் நீங்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் சங்கத்தின் டொமைன் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று பாருங்கள். அது தனிநபர் முகவரி என்றால் அடுத்த கூட்டத்துக்கு முன்பே சங்கத்தின் பொது முகவரிக்கு மாற்றுங்கள். இரண்டு பேருக்காவது அதைத் திறக்கத் தெரிந்திருக்கட்டும். தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் தரவிறக்கி, ஹோஸ்டிங் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் வையுங்கள். தரவிறக்கிய கோப்பைத் திறந்து தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். கம்பெனியிலிருந்து "சர்வரை மாற்றுகிறோம்" என்று அஞ்சல் வந்தால் பதில் எழுதிக் கேளுங்கள்: எந்த வெப் சர்வருக்கு மாறுகிறீர்கள், பிஎச்பி என்ன பதிப்பு, பழைய பெட்டியை எத்தனை நாள் அணைக்காமல் வைத்திருப்பீர்கள்? பதில் வராவிட்டால் வேறு கம்பெனி பாருங்கள். ஆண்டு விழாவும் சேர்க்கையும் இல்லாத மாதத்தில், நீங்களே தேர்ந்த நாளில் மாறுவது, அவர்கள் தேர்ந்த இரவில் மாறுவதைவிட எவ்வளவோ மேல். இதில் உதவி தேவைப்படும் சங்கங்கள் தங்கள் பெயரை வாசலில் இருக்கும் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். கணினி தெரிந்த பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.